தங்கை மகனுக்கு ஒரு ஆங்கில ட்யூஷன்

ஜூன் 14

ஐந்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை தில்லைநாயகியை இன்று வேலையிலிருந்து நிறுத்தினேன். பள்ளியின் தரம் என்று வரும்போது முகம் பார்க்க முடியாது.

துறையூருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் வங்கி மேலாளர் சுதர்சனம் காலையிலேயே வந்துவிட்டார். அவர் மகன் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறான். நேற்று ஆங்கில வகுப்பில் மிஸ் கால் மணி நேரம் தமிழில் பேசினார்களாம். "இதுக்கா சார் இவ்வளவு ஃபீஸ்?" என்றார். நியாயமான கேள்வி. உரக்கடையில் இருபது வருடம் சம்பாதித்ததைக் கொட்டி நான் கட்டிய பள்ளி இது. நியூ வில்லோ மெட்ரிகுலேஷன் பள்ளி. வில்லோ என்றால் என்ன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவ்வளவு நல்ல பெயர்.

தில்லைநாயகியைக் கூப்பிட்டேன். பிரின்சிபால் எட்வினும் இருந்தார். காலையிலிருந்து கரண்ட் இல்லை. அறையில் ஒரே புழுக்கம்.

"இங்கிலீஷ் வகுப்புல தமிழ் பேசினீங்களா?"

"பேசினேன் சார். அதுக்கு ஒரு காரணம்..."

"காரணத்தையும் இங்கிலீஷ்லயே சொல்லுங்க. தாளாளர் அறையிலயே தமிழ் பேசினா பிள்ளைங்க எப்படிப் பேசும்?"

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். நீளமாகவே சொன்னார். கடைசியில் குரல் கொஞ்சம் கம்மியது. முடித்ததும், "வெரி குட். யூ மே கோ" என்றேன். எட்வின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இரக்க சுபாவம் உள்ளவர். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் வந்துவிட்டான்.

மாலையில் கரண்ட் வந்தது. போர் மோட்டார் மறுபடி தகராறு செய்கிறது.

ஜூலை 20

பெற்றோர் கூட்டம் சிறப்பாக நடந்தது.

ஒரு சிறு சம்பவம். சுதர்சனம் எழுந்து, தன் மகனின் ஆங்கில நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து மேடைக்கே வந்து நீட்டினார். "கரஸ்பாண்டென்ட் சார் இதைப் படிச்சுட்டு, எழுத்து நடை எப்படின்னு சொல்லணும்" என்றார். மைக் என் கையில் இருந்தது. தாளை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் பார்த்தேன். தலையை ஆட்டினேன். "அருமையான கட்டுரை. நல்ல கற்பனை வளம்" என்றேன்.

"சார், தாள் மாறிப்போச்சு. இது லீவ் லெட்டர்" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தக் காலத்து லீவ் லெட்டரில் கற்பனை வளம் அதிகம் என்ற பொருளில் நான் நகைச்சுவையாகச் சொன்னதைச் சிலர் மட்டுமே புரிந்துகொண்டார்கள். கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன் என்றும் சொல்லிவைத்தேன். அது மூக்கிலேயே இருந்ததாக வீட்டுக்கு வந்தபின் சௌந்தரம் சொன்னாள். மனைவிமார் கவனிக்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கவனிப்பார்கள்.

ஆகஸ்ட் 3

எட்வின் நாமக்கல்லில் ஒரு பெரிய பள்ளிக்குப் போகிறார். சம்பளம் அதிகமாம். ஆண்டு விழாவில் வருடாவருடம் ஆங்கிலத்தில் அறிக்கை வாசிப்பவர் அவர்தான். இனி தாளாளரே வாசிப்பதுதான் முறை என்று ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. அவியலில் எண்ணெய் அதிகம்.

ஆகஸ்ட் 5

என் தங்கை மகன் முகுந்தன், பெரம்பலூரில் இருக்கிறான். பாவம், அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் கட்டுரை எழுதவும் சுத்தமாக வரவில்லையாம். தாய்மாமன் என்ற முறையில் நல்ல ட்யூஷன் ஒன்று பார்த்துக்கொடுக்க வேண்டியது என் கடமை. சௌந்தரத்திடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஏதுங்க தங்கச்சி?"

"ஒன்றுவிட்ட தங்கச்சி."

"யாரு, எனக்குத் தெரியாம?"

"ரொம்ப தூரத்து ஒன்றுவிட்ட."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் முருங்கைக்கீரையை ஆய ஆரம்பித்தாள். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 9

வெளியில் தேடுவானேன் என்று, எட்டாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் தனபாலை அறைக்கு அழைத்து, முகுந்தனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல எனக்குச் சொல்லிக்காட்டச் சொன்னேன். பாடத்தை மூச்சுவிடாமல் வாசித்தார். மழை பெய்வதுபோல இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

"கைடுல இருக்கு சார்."

"கைடு இல்லாம?"

"கைடு இல்லாம எப்படி சார்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே என் கேள்வி புரியவில்லை. மற்ற இரண்டு ஆங்கில ஆசிரியர்களையும் சோதித்தேன். ஒருவர் தலைவலி என்றார். இன்னொருவர், தான் உண்மையில் சமூக அறிவியல் என்றார்.

முகுந்தனின் தேவை சற்று உயர்ந்தது. அதனால் இவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆகஸ்ட் 17

கைப்பேசியில் ஆங்கிலம் கற்றுத்தரும் ஆப் ஒன்று போட்டேன். குழந்தையின் வயது கேட்டது. பட்டியல் பதினைந்தோடு நின்றுவிட்டது. பதினான்கு என்று போட்டேன். ஒரு பச்சைத் தவளை வந்து, வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் கைதட்டியது. தப்பாகச் சொன்னால் அழுதது. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் முயன்றேன். முழுக்க அழுகை. வெளியிலிருந்து சௌந்தரம், "உள்ள என்னங்க, யாரையாவது அடிக்கிறீங்களா?" என்றாள்.

ஆப்பை நீக்கிவிட்டேன். முகுந்தனுக்குத் தவளை பிடிக்காது.

செப்டம்பர் 2

சுதர்சனத்தைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் மகன் இப்போது கட்டுரை பிரமாதமாக எழுதுகிறானாம். நம் பள்ளியின் உழைப்பு என்றேன்.

"ஸ்கூலா? இல்ல சார், ட்யூஷன். சின்ன ஏரிக்கரைல தில்லைநாயகின்னு ஒரு மிஸ். என்னமா நடத்தறாங்க! தமிழ்ல பொறுமையா விளக்கிச் சொல்லிட்டு அப்புறம் இங்கிலீஷுக்குக் கொண்டு போறாங்க. உங்க ஸ்கூல் பிள்ளைங்கதான் பாதிப்பேர் அங்க."

அவரைத்தான் நீங்கள் புகார் சொல்லி அனுப்பினீர்கள் என்றேன்.

"அது ஸ்கூல் சார். இது ட்யூஷன்" என்றார். இரண்டும் வேறு என்பதை நான்தான் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 11

ஏரிக்கரைப் பக்கம் காற்று வாங்கப் போனேன். தில்லைநாயகியின் வீடு வழியில் இருந்தது. பிள்ளைகள் எல்லாம் போகும்வரை எதிர்ப் பெட்டிக்கடையில் நின்று இரண்டு சோடா குடித்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் திகைத்துப்போனார். உட்காரச் சொன்னார். முகுந்தனைப் பற்றிச் சொன்னேன்.

"பையன் எங்க சார்?"

"பெரம்பலூர். அவனால வர முடியாது. நீங்க எனக்குச் சொல்லிக்குடுங்க. நான் போன்ல அவனுக்குச் சொல்லிடறேன்."

அவர் தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். சிரிக்கவில்லை, அதை நான் நன்றாகவே கவனித்தேன்.

"சின்னப் பையனா, பெரிய பையனா?"

"கொஞ்சம் பெரிய பையன்."

"எழுத்துக் கூட்டத் தெரியுமா?"

"போர்டு எல்லாம் படிப்பான். வரியாச் சேர்ந்து வந்தா தடுமாறுவான்."

"வெட்கப்படுவாரா?"

"அதெல்லாம் இல்ல" என்றேன்.

"வெட்கப்படலன்னா சீக்கிரம் வந்துரும். நாளைலேர்ந்து வாங்க சார்."

செப்டம்பர் 30

வாரம் நான்கு நாள் போகிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் கதைப் புத்தகத்தில் ஆரம்பித்தார். ஒரு நரி, ஒரு கிணறு. வரிக்குக் கீழே விரல் வைத்து வாசிக்க வேண்டும். எந்த வார்த்தை எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறார். நன்றாகப் புரிகிறது. இதைப் பற்றி மேலும் எழுத எதுவும் இல்லை.

அக்டோபர் 18

முகுந்தனுக்குக் கட்டுரைப் பயிற்சி. உனக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி எழுது என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவோடு படித்தார்.

"உரக்கடை வாசனையைப் பத்தி நல்லா எழுதியிருக்கார் சார் உங்க தங்கச்சி மகன். யூரியா மூட்டைக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் வித்தியாசமான வாசனைன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. கடை அவருதா?"

"மாமா கடை."

"ஓ. ஆனா ஒண்ணு சார். எல்லாத்தையும் நிகழ்காலத்துலயே எழுதறார். நடந்து முடிஞ்சதுன்னு அவருக்கு எதுவுமே கிடையாதா?"

இறந்தகாலம் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்.

நவம்பர் 6

காலையில் காப்பி கொடுக்கும்போது சௌந்தரம் சொன்னாள். "உங்க தங்கச்சி மகன் ராத்திரி தூக்கத்துல இங்கிலீஷ் பேசறான்."

"என்ன பேசறான்?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா நிறுத்தாமப் பேசறான். சந்தோஷமா இருக்கற மாதிரிதான் இருந்துச்சு."

நவம்பர் 19

இன்று பள்ளியைச் சுற்றி வந்தேன். வழக்கமாகச் சுற்றுவதுதான். ஆனால் இன்று சுவர்களை வாசித்துக்கொண்டே சுற்றினேன்.

நூலகத்தில் அமைதி காக்கச் சொல்லி நீல எழுத்தில் பெரிதாக ஒரு பலகை உண்டு. சைலன்ஸ் ப்ளீஸ் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். லைசன்ஸ் ப்ளீஸ் என்று இருந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து நூலகத்துக்கு வரும் பிள்ளைகளிடம் லைசன்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நூலகர் அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறார். மாவட்டக் கல்வி அலுவலர் அதன் முன்னால் நின்று புகைப்படமே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவேளை ஒருவரும்...

பெயின்டருக்குச் சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர் 21

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களில் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலக் கட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு தாளாளர் எதை வேண்டுமானாலும் பார்வையிடலாம். உண்மையில் வாசிக்கும் ஆசைதான். கட்டுரைத் தலைப்பு, என் அம்மா.

முதல் பிள்ளையின் அம்மா பெயர் திருமதி சுசீலா. அவர் ஒரு ஆசிரியை. அதிகாலையில் எழுந்து பான்கேக் செய்கிறார். மாலையில் பியானோ வாசிக்கிறார். ஒவ்வொரு வார்த்தையாகத் தாண்டிக் கடைசி வரிவரை வந்துவிட்டேன். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது பிள்ளையின் அம்மாவும் திருமதி சுசீலா. உறவுக்காரப் பிள்ளைகள்போலும் என்று நினைத்தேன். மூன்றாவதும் சுசீலா. நான்காவதும் பியானோ. அதற்குமேல் விரல் வைக்காமலே வாசிக்க முடிந்தது. துறையூரில் பியானோ வாசிக்கும் இத்தனை சுசீலாக்கள் இருக்கிறார்களே என்று சத்தமாகச் சிரித்தேன். சௌந்தரம் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் வாசித்து அர்த்தம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

பாதிக்கட்டு தாண்டி தர்ஷிகாவின் தாள் வந்தது. டிராக்டர் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கனகசபையின் மகள். அந்தப் பிள்ளையின் அம்மா ஏப்ரலில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். பள்ளி சார்பில் நானே மாலை கொண்டுபோனேன்.

என் அம்மா பெயர் திருமதி சுசீலா. என் அம்மா தினமும் எனக்குப் பான்கேக் செய்து தருகிறார். என் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்ப வாசலில் நின்று கையசைக்கிறார். நான் மிகவும் அதிர்ஷ்டசாலி.

கட்டை மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 22

இப்போது ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியையைக் கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லன்னு தெரியாதாம்மா உங்களுக்கு?"

"தெரியும் சார். ஆனா போர்ஷன்ல 'மை மதர்'தான் இருக்கு. கைடுல இருக்கற மாதிரியே நல்லா எழுதியிருக்கு சார். பத்துக்கு ஒன்பது போட்டிருக்கேன். பான்கேக்ல ஒரு எழுத்து விட்டுட்டா."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. நான் எப்படி நடத்தச் சொன்னேனோ அப்படியே நடத்துகிறார்.

மாலை தாளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். தில்லைநாயகி படித்தார். மறுபடி படித்தார். தாளை மடிக்காமல் என்னிடமே கொடுத்தார்.

"ஜூன்லயும் இதே பாடம்தான் சார். முதல் வரியை வாசிக்கச் சொன்னேன். தர்ஷிகா எழுந்து நின்னு அழ ஆரம்பிச்சா. அடக்கவே முடியல. கிளாஸே பயந்துபோச்சு. அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, எல்லார்கிட்டயும் அவ அம்மாவைப் பத்திப் பேசினேன். அதுக்குத்தான் அந்தக் கால் மணி நேரம். அம்மா செத்துப்போன புள்ளைகிட்ட இங்கிலீஷ்லயா சார் பேசறது?"

"இதை நீங்க அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றேன்.

"சொன்னேனே சார். நீங்க கேட்ட பாஷையிலதான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாம சொன்னேன். நீங்க வெரி குட்ன்னீங்க."

ஏரிக்கரையில் யாரோ மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஃபேன் சத்தம் ரொம்ப..." என்றேன்.

இன்று பாடம் நடக்கவில்லை.

டிசம்பர் 23

பழைய பக்கத்தைப் புரட்டினேன். அன்று கரண்ட் இல்லை.

ஜனவரி 4

தில்லைநாயகியிடம் பள்ளிக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். உடனே சரி என்பார் என்று நினைத்தேன்.

"ட்யூஷனை விட முடியாது சார். வேணும்னா செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் அஞ்சாம் வகுப்புக்கு வரேன். ஆனா நான் எந்த பாஷையில பேசறேன்னு வெளிய நின்னு யாரும் கேக்கக்கூடாது. கைடு கிளாஸுக்குள்ள வரக்கூடாது."

"சரிங்க மிஸ்."

"எழுதிக் குடுங்க."

"டைப் பண்ணச் சொல்லி நாளைக்கு..."

"இப்பவே. இங்கிலீஷ்ல. நீங்களே எழுதுங்க."

எழுதினேன். ஐந்து வரி எழுத ஒரு காப்பி ஆறிப்போனது. அவர் வாங்கிப் படித்து, சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"திருத்தித் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

திரும்ப எழுதினேன். இரண்டாவதில் சுழி இல்லை. தங்கை மகனைப் பற்றி அவர் இன்று விசாரிக்கவே இல்லை.

ஜனவரி 24

ஆண்டு விழா.

அறிக்கையை நானே எழுதியிருந்தேன். ஒரே பக்கம்தான். இந்த வருடம் என்ன செய்தோம், என்ன செய்யவில்லை, நூலகப் பலகையைத் திருத்தியது உட்பட. மைக்கின் முன் நின்றபோது ஒரு வார்த்தையும் கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் எதிரிலேயே, இரண்டாயிரம் கண்களுக்கு முன்னால், முதல் வரியின் கீழே விரலை வைத்தேன். அப்புறம் வந்துவிட்டது. இரண்டு இடத்தில் நின்று, திரும்ப வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எட்வின் வாசிக்கும்போது பெற்றோர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார்கள், இன்று கேட்டார்கள்.

இறங்கியதும் சௌந்தரம், "உங்க முகுந்தன் பாஸ்" என்றாள். வெற்றிலை வாங்கப் போவதுபோலப் போய்விட்டேன். கண்ணில் தூசி.

ஜனவரி 27

சுதர்சனம் வந்தார். மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டார். அடுத்த தெருப் பள்ளியில் சேர்க்கப்போகிறாராம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். ஆண்டு விழாவுல நீங்க பேசின இங்கிலீஷ் எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சு. பின் வரிசையில பூக்காரம்மா கூடத் தலையாட்டறாங்க. அது ஒரு ஸ்கூலுக்கு நல்ல இம்ப்ரெஷன் இல்ல."

அவரைத் தொடர்ந்து இன்னும் சிலரும் வந்தார்கள். தில்லைநாயகி மறுபடி வகுப்புக்கு வருவதும், பிள்ளைகள் கட்டுரையில் தங்கள் சொந்த அம்மா பெயரை எழுத ஆரம்பித்திருப்பதும் அவர்களுக்குக் கவலை அளிக்கிறது. ஒரு தாய், "என் பையன் நான் சீரியல் பாக்கறதை எழுதியிருக்கான் சார். சுசீலாவே பரவாயில்ல" என்றார்.

சான்றிதழ் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நேரம் பிடித்தது. அடுத்த வருடம் ஒரு பிரிவு குறையும். சௌந்தரத்திடம் சொன்னேன். உரக்கடையை இன்னும் விற்கவில்லையே என்றாள்.

சுதர்சனம் மகன் ட்யூஷனுக்கு மட்டும் தொடர்ந்து வருகிறான்.

பிப்ரவரி 6

ஐந்தாம் வகுப்புக் கட்டுரைகள் வந்தன. எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டாராம் தில்லைநாயகி. பாதிப் பிள்ளைகளுக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ஒருவன் தன் பெயரை மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். ஒருவன் முழுக் கட்டுரையும் பரோட்டா பற்றி.

தர்ஷிகா அம்மாவைப் பற்றி எழுதவில்லை. அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை இங்கே தமிழில் எழுதிவைக்கிறேன்.

என் அப்பா தினமும் எனக்கு இரட்டைச் சடை பின்னுகிறார். அப்பா கையில் கிரீஸ். அப்பாவுக்கு ரேடியேட்டர் தெரியும், சடை தெரியாது. ஒன்று மேலே போகும். ஒன்று கீழே போகும். அப்பா தள்ளி நின்று பார்ப்பார். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்வேன். பஸ்ஸில் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அவிழ்க்க மாட்டேன்.

சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு நான்கு முறை வாசித்தேன். தப்பு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. தில்லைநாயகியிடம் காட்டினால் நாலு இடத்தில் சுழிப்பார். அவரிடம் கொடுக்க நாளை மாலை ஆகட்டும்.

பிப்ரவரி 7

காலை வழிபாட்டின்போது மேடையில் நிற்காமல் ஐந்தாம் வகுப்பு வரிசைப் பக்கம் போய் நின்றேன்.

வலது சடை காதுக்கு மேலே. இடது சடை கழுத்துக்குக் கீழே.

எழுதியிருந்தது உண்மைதான்.